பெயர் ஒட்டாத கொளுக்கி

டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில் நான் துப்புரவு வேலை செய்த கணினிக் கம்பெனியின் முதலாளி ஒரு பொய்யர். அங்கே புரோகிராம் எழுதிய உஸ்பெக்காரரை அவர் ஏமாற்றினார்.

அந்த உஸ்பெக்காரர் கட்டை மீசைக்காரர். ஹீட்டர் எரியும் அறையிலும் கோட்டைக் கழற்றமாட்டார். உளவு பார்க்க வந்த ஆளோ என்று முதலில் அவரைத்தான் சந்தேகித்தேன். ஒருநாள் எனக்குத் தெரிந்த டேனிஷில் கேட்டேன்.

"கோட்டுக்குள்ள என்னத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறீர்?"

அவர் சிரித்தார். "சுவரில பாரும். கோட்டு மாட்டுற எல்லாற்ற கொளுக்கியிலயும் பேர் ஒட்டியிருக்கு. எனக்கு இல்லை. இந்தப் புரோகிராம் முடிஞ்சால் நிரந்தர வேலையும் கொளுக்கியும் தருவினமாம்."

"எங்களுக்கும் குடும்பத்தைக் கூப்பிடலாம், பொறுங்கோ எண்டுதான் குடிவரவு அலுவலகத்தில சொல்லுகினம். என்ர மனிசி இன்னும் யாழ்ப்பாணத்தில. நம்பாதையும்."

"வேலை இல்லாட்டி விசா இல்லை. நம்பாமல் என்ன செய்யிறது?"

புரோகிராம் முடிந்தது. அடுத்த திங்கட்கிழமை அவருடைய மேசையில் ஒரு டேனிஷ்காரர் இருந்தார். அன்றைக்கே அந்த டேனிஷ்காரருக்குப் பெயர் ஒட்டிய கொளுக்கி கிடைத்தது.

"உஸ்பெக்காரர் தானாகவே போய்விட்டார்" என்றார் முதலாளி. விசாவுக்காகக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தவர் தானாகவா போவார்? அவர் எழுதிய புரோகிராம் இன்னும் அங்கே ஓடுகிறது. அவரை யார் அனுப்பியது, ஏன் அனுப்பியது என்று முதலாளி எல்லா வேலையாட்களுக்கும் முன்னால் நின்று சொல்லவேண்டும்.