எலுமிச்சை பிழிந்த சீனித் தண்ணீர்

என் கணவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரிந்த அன்று எனக்கு வந்தது பயமில்லை, கோபம். வலது பெருவிரலில் செருப்புக் கடித்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. அவர் பஸ் கொண்டக்டர். மாத்தளையிலிருந்து நாலந்தா வழியாகத் தம்புள்ளைக்கு நாள் முழுக்க நின்றபடியே போய்வருகிற கால் அது. இப்படியே விட்டால் விரலோடு நிற்காது, காலையே எடுக்க வேண்டி வரும் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும், டொக்டர்மார் எல்லாம் இப்படித்தான் பயங்காட்டுவார்கள் என்று சிரித்தார். நடுரோட்டில் வைத்து நாலு அறை விடலாம் போலிருந்தது.

அந்தக் காலை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். நான் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியை. அதிபரிடம் கேட்டு ஒரு சோதனைக்குழாயும், மதுசார விளக்கும், செப்புக் கலந்த நீலக் கரைசல் ஒரு போத்தலும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தினமும் காலையில் தேத்தண்ணிக்கு முன்னால் அவருடைய சிறுநீரில் சில துளிகளை அந்தக் கரைசலில் விட்டுக் கொதிக்க வைப்பேன். நீலமாகவே நின்றால் சீனி இல்லை, நல்லது. பச்சையானால் கவனம். செங்கல் நிறத்தில் அடியில் படிந்தால் அன்றைக்குச் சோறு பாதிதான்.

முதல் வாரமே மனுசன் ஏமாற்றினார். ஒருநாள் குழாய் அத்தனை அழகாக நீலமாக நின்றது. சந்தேகப்பட்டு, அவர் சிறுநீர் என்று கொண்டுவந்த போத்தலை முகர்ந்து பார்த்தேன். பைப்புத் தண்ணீர். பிடிபட்டதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றிலிருந்து வெட்கத்தை விட்டுவிட்டு, எதையும் முகர்ந்து பார்த்த பிறகுதான் விளக்கைக் கொளுத்துவேன்.

மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் மூன்று மாதமாகச் செங்கல் நிறந்தான். சோற்றைக் குறைத்தேன், பசிக்கிறது என்று சண்டை பிடித்தார். பொறுமையாகத்தான் விளக்கிப் பார்த்தேன். நம் உடம்பு கோடிக்கணக்கான உயிர்க்கலங்களால் ஆனது. சோற்றிலுள்ள மாப்பொருள் குடலில் உடைந்து குளுக்கோசாகி இரத்தத்தில் சேருகிறது. அது கலத்தின் மென்சவ்வைத் தாண்டி உள்ளே போனால்தான் உடம்புக்குப் பலம். உங்களுக்கு அது உள்ளே போக வழியில்லாமல் வாசலிலேயே நிற்கிறது, இரத்தம் நிறையச் சீனி இருந்தும் கலம் பட்டினி கிடக்கிறது, அதனால்தான் இந்தப் பசி என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாடம் முடிஞ்சுதா டீச்சரம்மா? பிட்டு இன்னுங் கொஞ்சம் போடு" என்றார்.

செங்கல் நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை பஸ் டிரைவரின் மனைவிதான் சொன்னாள். நாலந்தாவில் பஸ் நிற்கிற ஒவ்வொரு தடவையும் கடையில் வெறுந்தேத்தண்ணி, கடித்துக் குடிக்க ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டி. கித்துள், சீனி வருத்தக்காரருக்கு நல்லது என்று ஊரே சொல்லும். இவரும் அதைத் தேவவாக்காகப் பிடித்துக்கொண்டார். நான் கத்தினேன். சரி, உன் குழாயிலேயே பார்த்துவிடுவோம், வெள்ளைச் சீனி எவ்வளவு சிவக்கிறது, கித்துள் எவ்வளவு சிவக்கிறது என்று பார்ப்போம் என்றார்.

அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை. பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்த சீனியில் அரைக் கரண்டியைத் தண்ணீரில் கரைத்து, நீலக் கரைசலை விட்டு அவரே கொதிக்க வைத்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு தைரியமாக நின்றேன். குழாய் நீலமாகவே இருந்தது. இன்னும் கொதிக்க வைத்தோம். அப்போதும் நீலந்தான்.

"சீனியப் போட்டும் நீலமாத்தான் நிக்குது. இந்தத் தண்ணியக் காட்டியா புள்ள மூணு மாசமா என்னையப் பட்டினி போட்ட?"

என் கண்முன்னாலேயே இரண்டு துண்டு கருப்பட்டியைக் கடித்துத் தின்றுவிட்டுப் போய்ப் படுத்தார். எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் எப்போதும் குளுக்கோசுத் தூளைத்தான் குழாயில் போட்டுக் காட்டியிருக்கிறேன். சாப்பிடுகிற சீனியை ஒருநாளாவது போட்டுப் பார்த்ததில்லை. என்ன ஆசிரியை நான்!

புத்தகத்தை எடுத்தேன். வருடக்கணக்காக நானே வாசித்துக் காட்டிய வரி அங்கே இருந்தது. சீனி என்பது குளுக்கோசும் அதைப் போன்ற இன்னொன்றுமாக இரண்டு சிறிய வெல்லங்கள் கைகோத்த ஒன்று. அந்தப் பிடி விடாதவரை செப்பு அதைத் தொடாது. அமிலத்தில் கொதித்தால் பிடி விட்டுப்போகும். பள்ளிக்கூடத்து அமிலத்தைக் கொண்டுவந்தால் மாயவித்தை என்பார். சமையல் குசினிக்குப் பின்னால் எலுமிச்சை மரம் நின்றது. காயைப் பறித்துக்கொண்டு போய் அவரை எழுப்பினேன்.

முதலில் எலுமிச்சைச் சாறு இரண்டு துளியை மட்டும், புளிப்பை முறிக்க அப்பச்சோடா சேர்த்து, நீலக் கரைசலில் கொதிக்க வைத்துக் காட்டினேன். நீலம் மாறவில்லை. பிறகு அதே டின்னிலிருந்து சீனி, அதில் அதே சாறு. கால் மணி நேரம் கொதித்தது. நுரை அடங்கும்வரை சோடாவைத் தூவி, நீலக் கரைசலை விட்டு, குழாயை அவர் கையிலேயே கொடுத்தேன். பச்சையானது, மஞ்சளானது, பிறகு செங்கல் நிறத்தில் அடியில் படிந்தது. கருப்பட்டியைக் கரைத்தும் செய்தோம். அதுவும் சிவந்தது.

எலுமிச்சை இங்கே செய்ததைத்தான் உங்கள் குடல் உள்ளே செய்கிறது என்றேன். அவர் குழாயைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் நாலந்தாவில திண்டதெல்லாம்?"

"இந்தக் காலுக்குத்தாங்க போயிருக்கு."

கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. அவர் எழுந்து போய், காய்ந்த இலையில் சுற்றி வைத்திருந்த மிச்சக் கருப்பட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

விரலை எடுத்துவிட்டார்கள். அதற்குமேல் கத்தி போகவில்லை. புண் ஆறி, அவர் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிய நாட்களில் ஒரு காலை, குழாய் நீலமாகவே நின்றது. நான் நம்பவில்லை. ஏற்கெனவே முகர்ந்த போத்தலை மறுபடி எடுத்து முகர்ந்தேன். அவர் குசினி வாசலில் இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டு, "என்னா டீச்சரம்மா, பைப்புத் தண்ணியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். போத்தலை மூக்கருகே பிடித்தபடியே அழுதேன்.