பன்னிரண்டு பவுண்டு மண்

அற்புதம்மாளுக்கு இரக்கம் என்றாலே ஆகாது. தா.பழூருக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பத்துக் கட்டில் ஆஸ்பத்திரியில் அவள் ஆயா. ஆயாவுக்கு இரக்கம் ஆகாது என்றால் எப்படி என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

அவள் புருஷன் மிக்கேல், கிணறு வெட்டும்போது விழுந்து இடுப்பு ஒடிந்து மூன்று மாதம் படுத்துக் கிடந்தான். தொட்டால் கத்துவான். "பாவம், அவனை அசைக்காதீங்க, அப்படியே கெடக்கட்டும்" என்று சொந்தபந்தம் மொத்தமும் சொன்னது. அவளும் பாவம் பார்த்து விட்டுவிட்டாள். முதுகு புண்ணாகி, புண் எலும்புவரைக்கும் போய் ஆள் செத்துப்போனான். இடுப்பு நன்றாகக் கூடிவிட்டிருந்தது என்று வைத்தியர் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அவள் இந்த வேலைக்கு வந்தாள். அசைய முடியாமல் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டுவாள். புரட்டக் கூடாதவர்களுக்கு இடுப்பைத் தூக்கிக் கையை அடியில் விட்டு முதுகைத் தேய்ப்பாள். குதிகாலுக்கு எண்ணெய், படுக்கைத் துணியில் ஒரு சுருக்கம் கூடாது. அழுதாலும் விடமாட்டாள், ஏசினாலும் விடமாட்டாள். நோயாளிகள் அவளுக்கு ராட்சசி என்று பேர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்து மூன்றாம் வருஷம், அறுவடை முடிந்த கையோடு அரியமுத்து வந்து சேர்ந்தான். நெல்வண்டிச் சக்கரம் தொடையில் ஏறி எலும்பு முறிந்திருந்தது. அரியலூரிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் வரும் டாக்டர், காலில் துணிப்பட்டை ஒட்டி, அதில் கயிறு கட்டி, கட்டில் காலடியில் கிணற்று உருளை ஒன்றை மாட்டிக் கயிற்றை அதன்மேல் விட்டார். காலை இழுத்துப் பிடிக்க மறுமுனையில் எடை தொங்க வேண்டும். யுத்தகாலத்தில் இரும்புக்கு எங்கே போவது? கொள்ளிடத்து மணலைப் பையில் போட்டுப் பன்னிரண்டு பவுண்டு நிறுத்துத் தொங்கவிட்டார்கள்.

"ஆறு வாரம் இது குறையக் கூடாது. குறைஞ்சா கால் குட்டையாக் கூடிடும். அப்புறம் இந்த ஆள் ஏர் பிடிக்க முடியாது" என்றார் டாக்டர். அரியமுத்துவுக்கு ஏரைத் தவிர வேறொன்றும் தெரியாது.

பத்து நாள் கழித்துப் பை இளைத்த மாதிரி அற்புதம்மாளுக்குப் பட்டது. சமையற்கட்டுத் தராசில் நிறுத்தாள். எட்டு பவுண்டு! அன்று சாயங்காலம் அரியமுத்துவைப் பார்க்க வந்த சொந்தக்காரப் பெரியவர் சாமிதுரையின் மடியிலிருந்து மணல் கொட்டியது.

"மாப்பிள்ளை காலு இழுபட்டுக் கெடக்குதும்மா. மனசு கேக்கல. ஒரு கைப்புடிதான் எடுத்தேன்."

எல்லாருமே ஒரு கைப்பிடிதான் எடுத்திருந்தார்கள். நோயாளியைப் பார்க்கப் போனால் ஏதாவது ஒரு நல்லது செய்துவிட்டு வர வேண்டுமாம். எவ்வளவு நல்ல ஜனங்கள்!

அற்புதம்மாள் குறைந்ததை நிரப்பிவிட்டு ஒரு பொய் சொன்னாள். "இது ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில் மண்ணு. இனிமே எவன் கை வைக்கிறான் பாப்பம்."

இரண்டு நாள் ஒருவரும் கை வைக்கவில்லை. மூன்றாம் நாள் சேதி ஊருக்குப் போய்விட்டது. முட்டிவலிக்கு ஒரு சிட்டிகை, பால் கறக்காத பசுவுக்கு ஒரு சிட்டிகை என்று கும்பிட்டுவிட்டு எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை பையில் இருந்தது ஐந்து பவுண்டு. டாக்டர் இரண்டு காலையும் நூல் வைத்து அளந்தார். ஒடிந்த கால் ஒன்றரை அங்குலம் குட்டை.

"இப்ப எலும்பு கூடுற நேரம். இனி ஒரு நாள்கூடக் குறைஞ்சா என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அற்புதம்மாள் பையை நிரப்பி மாட்டினாள். கோயிலுக்குப் போய், பொய் சொன்னதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். சாமியார் மூன்று ஜெபமாலை அபராதம் கொடுத்தார். சொல்லி முடித்துத் திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றி ஜனம் நின்றது. அரியமுத்து வலியில் முனகிக்கொண்டிருந்தான்.

"அது கோயில் மண்ணு இல்ல. பொய் சொன்னேன்" என்றாள். "எம் புருஷனும் இப்படித்தான் கெடந்தாரு. பாவம்னு யாரும் தொடல. நானுந் தொடல. முதுகுப் புண்ணுல மூணு வெரலு உள்ள போவும். நாந்தான் அவரைக் கொன்னேன். இப்ப எடுக்குறவங்க எடுத்துக்குங்க."

சாமிதுரை இருமினார். அரியமுத்துவின் பெண்டாட்டி செல்வம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அற்புதம்மாள் கோயிலுக்குப் போயிருந்தபோது அவள் பையிலிருந்து எடுத்து முடிந்துவைத்த மணல் அதில் இருந்தது. அதைப் பையில் கொட்டினாள். கயிறு இழுக்க, அரியமுத்து "அய்யோ, செல்வம்" என்று அலறினான். அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆனாலும் பையிலிருந்து வெறுங்கையைத்தான் எடுத்தாள்.

அன்றிலிருந்து அவள் பைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அரியமுத்துவுக்கு இப்போது இரண்டு ராட்சசிகள்.

டாக்டர் ஆறு வாரம் சொன்னதை எட்டாக்கினார். கடைசியில் நூல் இரண்டு காலுக்கும் சரியாக வந்தது. மேலும் ஒரு மாதம் கட்டையூன்றிப் பழகியபின் அரியமுத்து ஊருக்குக் கிளம்பினான். வாசலில் அற்புதம்மாள் மறித்தாள்.

"துண்டை எடுங்க. திரும்புங்க."

அவன் திரும்பி நின்றான். முதுகில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினாள். பிறகு இன்னொருமுறை தடவினாள்.

"என்னக்கா பாக்குறீங்க?" என்றாள் செல்வம்மாள்.

"ஒண்ணுமில்ல. போயிட்டு வாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். நான்காம் கட்டில்காரரைப் புரட்டும் நேரம். அவளைப் பார்த்ததுமே அவர் கத்த ஆரம்பித்தார்.