சபூறா தைத்த குளிர்ச்சட்டை

எண்பத்தோராம் ஆண்டு பிறந்து இரண்டு கிழமை இருக்கும். மாரி மழை விட்டபாடில்லை. சுபஹுத் தொழுகைக்குக் கை கால் கழுவி வுளுச் செய்யக் கிணற்றடிக்குப் போனேன். புளித்த சோறும் செத்த எலியும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை முகத்தில் அடித்தது. விடிந்ததும் கிடுகு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

"சபூறா, உங்கட வளவுல என்ன செத்துக் கிடக்கு புள்ள?"

"ஒண்டும் சாகல்ல ராத்தா. என்ட மகள்ட குளிர்ச்சட்டைதான் நாறுது."

"சட்டை நாறுமா?"

"இன்னும் சட்டையே ஆகல்ல. அதுக்கு முதல் நாறிட்டு. வந்து பாருங்க."

சபூறா எங்கள் மருதமுனையில் வீட்டோடு இருந்து தைக்கிறவள். கணவர் முத்தலிப் வீட்டுத் தறியில் சாரன் நெய்வார். அவள் கையால் சுற்றும் மெஷினில் தெருப் பெண்களுக்குச் சட்டையும் உள்பாவாடையும் தைத்துக் கொடுப்பாள். தைக்கக் கொடுத்த துணியில் உள்ளங்கை அளவு மிஞ்சினாலும் அதை முடிந்து சட்டையோடு திருப்பித் தந்துவிடுவாள். நீயே வைத்துக்கொள் என்றாலும் கேட்கமாட்டாள். "உங்கட துணி உங்களோட போகட்டும் ராத்தா. மறுமையில ஒரு துண்டுச் சீலைக்காக என்னை நிப்பாட்டி வெச்சா எனக்குக் கால் கடுக்கும்" என்று சிரிப்பாள்.

அவளுக்கு ஒரே மகள், நஸீறா. மலைநாட்டில் ஆசிரியர் பயிற்சிக்குத் தெரிவாகியிருந்தாள். கொண்டுவரவேண்டிய சாமான்களின் பட்டியலில் 'குளிர்ச்சட்டை ஒன்று' என்று இருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு அது பட்டியலில் ஒரு வரி. நஸீறாவுக்கோ சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மழைக்காற்று பட்டாலே நெஞ்சு கிடந்து விசிலடிக்கும். அந்தக் குளிரில் மூச்சு முட்டி, படிப்பை விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவாளோ என்பதுதான் சபூறாவின் ஒரே பயம். கல்முனைக் கடைகள் எல்லாம் ஏறி இறங்கினாள். இந்த வெயில் ஊரில் குளிர்ச்சட்டையை யார் வாங்கி அடுக்கி வைப்பார்கள்? பச்சைப் பிள்ளைகளுக்குப் போடும் கம்பளித் தொப்பிதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மீராமுகைதீன் ஒரு பொட்டலத்தோடு வந்தார். சபூறாவின் சாச்சி மகன். அவளுக்குக் காக்கா, அண்ணன் முறை. நாவிதன்வெளியில் வயலும், வீட்டு வாசலில் ஒரு டிரக்டரும் உள்ளவர். ஊரில் எந்தப் பொதுக்காரியம் என்றாலும் அவர் கையால்தான் தொடங்கும். பொட்டலத்தில் சாம்பல் நிறப் பின்னல் துணி இருந்தது. பெனியன் மாதிரி இழுபட்டது. ஆனால் தடிப்பு, ஒரு பக்கம் பூனை மயிர் மாதிரி மெது.

"கொழும்பில எடுத்தது தங்கச்சி. மருமகளுக்கு நீயே தைச்சுப் போடு. புள்ள டீச்சரா வந்தா நம்மட குடும்பத்துக்குத்தானே பேரு."

அன்றைக்கு ஐந்து நேரத் தொழுகையிலும் சபூறா அவருக்காகத் துஆக் கேட்டாள். இதை அவளே பிறகு சொன்னாள், ஏதோ வாயில் மண் விழுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

அவள் அதுவரை பின்னல் துணியை வெட்டியதில்லை. பாயில் விரித்துக் கத்தரிக்கோலை வைத்தால் ஓரம் சுருண்டு எழும்பியது. அமுக்கினால் படுத்தது, கையை எடுத்தால் மறுபடி சுருண்டது. நெசவு வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். எங்கள் ஊரில் நூல் சொன்னபடி கேட்காவிட்டால் அதற்கு ஒரே மருந்து கஞ்சி. கஞ்சியில் நனைத்து முறுகக் காயவைத்துத்தான் தறியில் ஏற்றுவோம். அவளும் ஒரு பானை கஞ்சி காய்ச்சி, துணி முழுவதையும் அதில் அமுக்கி எடுத்துக் கொடியில் போட்டாள். நெசவு நூல் மெல்லியது, வெயிலும் இருந்தால் ஒரு பகலில் காய்ந்துவிடும். இந்தத் துணியோ பஞ்சு மாதிரிக் கஞ்சியைக் குடித்துவிட்டு விடமாட்டேன் என்றது. மழையும் சேர்ந்துகொண்டது. நான்காம் நாள்தான் அந்த வாடை எங்கள் கிணற்றடிக்கு வந்தது.

நான் போனபோது துணி கொடியில் செத்த மாட்டுத்தோல் மாதிரித் தொங்கியது. பச்சைப் பூஞ்சணம் திட்டுத்திட்டாகப் பூத்திருந்தது. இலையான் மொய்த்தது. நஸீறா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"உம்மா, இதப் போட்டுக்கிட்டுப் பஸ்ஸில ஏறினா எனக்கு முழு சீட்டும் கிடைக்கும்."

"வாயப் பொத்து. தண்ணி அள்ளு," என்றாள் சபூறா.

"நூலுக்குப் போடுற கஞ்சிய இதுக்குப் போடலாமா புள்ள?" என்று கேட்டேன்.

"எனக்கு என்ன தெரியும் ராத்தா? துணி எண்டா கஞ்சி எண்டுதானே நாம பழகினது."

ஏழு தண்ணீர் மாற்றினோம். துணி வெளுத்தது, வாடை போகவில்லை. ஓரமாக இரண்டு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்திருந்தது. அந்த மடிப்புக்குள் கஞ்சி கட்டிபட்டுக் கிடந்தது. விரலால் அமுக்கினால் சீழ் மாதிரி வந்தது. சபூறா பிளேடால் தையலைப் பிரித்தாள். உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் தேய்த்துக்கொண்டே போனாள். மடிப்பின் மூலையில் சிவப்பு மையில் ஒரு வட்டமும், அதற்குள் இங்கிலீஷ் எழுத்தும் தெரிந்தன.

"இது என்ன மகள்?"

நஸீறா குனிந்து பார்த்தாள். பிறகு துணியைக் கீழே விட்டாள்.

"நிவாரணம் எண்டு இருக்கு உம்மா. இலவசம். விக்கப்படாது எண்டும் இருக்கு."

அந்தச் சிவப்பு வட்டத்தை ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். எழுபத்தெட்டுச் சூறாவளி எங்கள் கூரைகளை எல்லாம் கடலுக்குக் கொண்டுபோன கையோடு, நாங்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூட வாசலில் லொறி லொறியாக இறங்கிய பொதிகளில் அதே வட்டம்தான் இருந்தது. பொதிகளைப் பொறுப்பெடுத்துப் பங்கிட்டவர் மீராமுகைதீன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் தங்கேஸ்வரிக்குப் பிள்ளை பிறந்தது. பக்கத்து ஊர் பெரியநீலாவணைப் பிள்ளை அவள். சபூறா வீட்டுக்கு நூல் சுற்ற வருகிறவள். நனைந்த சீமெந்துத் தரையில், வாங்குப் பலகை இரண்டுக்கு நடுவில் பெற்றாள். பிள்ளையைச் சுற்ற ஒரு காய்ந்த சீலை கிடையாது. சபூறா ஓடிப்போய் மீராமுகைதீனிடம் ஒரு போர்வை கேட்டாள். "முடிஞ்சு போச்சு தங்கச்சி. நேத்தே முடிஞ்சு போச்சு" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாராம். கடைசியில் முத்தலிப்பின் ஈரச் சாரனைப் பிழிந்து பிள்ளையைச் சுற்றினோம். பிள்ளை உடம்பு நீலம் பாரித்து நடுங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் நெஞ்சுச்சளி அவனை விடவே இல்லை.

சபூறா துணியைப் பிழிந்து ஒரு பனையோலைப் பெட்டிக்குள் போட்டாள். "வாங்க ராத்தா" என்றாள். போனோம்.

மீராமுகைதீன் வாசலில் நின்றார். டிரக்டர் ஆசனத்தில் அதே சாம்பல் துணி விரித்திருந்தது. இன்னொரு துண்டால் ஒருவன் எஞ்சின் எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தான். கறுத்து, நாறி, தரையில் இழுபட்ட அந்தத் துண்டின் ஓரத்திலும் சிவப்பு தெரிந்தது. சபூறாவின் துணி கஞ்சியில் நாறியது, அதைக் கழுவலாம். இது எதில் கழுவினால் போகும் என்று நினைத்தேன்.

"காக்கா, இது சூறாவளிக்கு வந்த போர்வையா?" சபூறா குரலை உயர்த்தவில்லை.

அவர் சிரித்தார். "ஓம். மிஞ்சினது. ஆளில்லாம மிஞ்சினத எறியவா சொல்றாய்? அமானிதமா வெச்சிருந்தன்."

அமானிதம்! அல்லாஹ்வுக்குப் பயந்து ஒருவர் பொருளை ஒருவர் காப்பதற்குச் சொல்லும் சொல். அதை அந்த எண்ணெய்த் துண்டுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்.

"தங்கேசுட புள்ளைக்கு நான் கேட்டன். முடிஞ்சு போச்சு எண்டு சொன்னிங்க."

"அப்ப இருந்த கரைச்சல்ல ஆருக்கு எத்தின எண்டு எனக்கு ஞாபகமா? இஞ்ச பாரு, உன்ட மகளுக்கு எண்டுதானே தந்தன். நல்லது செய்யப் போய் எனக்குக் கெட்ட பேரா? வேணாமெண்டா வெச்சிட்டுப் போ. டிரக்டருக்கு ஆகும்."

வைத்துவிட்டுப் போயிருப்பாள். அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் பெட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். அவர் மனைவி உம்மு தேத்தண்ணி கொண்டுவந்தாள். சபூறா வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை.

வீட்டில் நஸீறா அழுதாள். "பயணத்துக்கு அஞ்சு நாள்தான் இருக்கு. அவர் செஞ்சதுக்கு நான் ஏன் விறைக்கணும்? அந்தத் துணி செஞ்ச பாவம் என்ன?"

"துணி பாவம் செய்யல்ல மகள். அது வேற ஆக்கள்ட. கேக்காம உன்ட முதுகில ஏத்த எனக்கு ஏலாது."

மகள் இருமினாள். சபூறா அவள் முதுகைத் தடவிவிட்டு, துணியைச் சவர்க்காரம் போட்டு மறுபடி துவைத்தாள். அடுத்த நாள் கொஞ்சம் வெயில் எறித்தது. காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் தங்கேஸ்வரி வீட்டுக்குப் போனோம். சபூறா நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். தங்கேஸ்வரியின் பொடியன், இரண்டு வயது தாண்டியவன், மூக்கு ஒழுக ஒழுகத் தாயின் மடியில் ஏறி இறங்கினான்.

தங்கேஸ்வரி துணியை முகர்ந்து பார்த்தாள். "சீ! என்னக்கா இது, ஆட்டுப்பட்டி மாதிரி நாறுது!"

"அது என்ட கஞ்சி நாத்தம் தங்கேசு. மத்த நாத்தம் நான் சொன்னது."

அவள் சிரிக்கவில்லை. மடியில் இருந்தவனைப் பார்த்தாள். "அண்டைக்கு இது பள்ளிக்கூடத்து அறைக்குள்ளதான் இருந்ததாக்கும். நான் கிடந்த இடத்துக்கு எட்டுற தூரத்தில. அந்த மனிசன் தினமும் என்னைத் தாண்டித் தாண்டித்தானே போனார்." காறி முற்றத்தில் துப்பினாள்.

"இது உன்ட மகன்ட பங்கு. எடு தங்கேசு," என்றாள் சபூறா.

"அண்டைக்கு வேணுமெண்டுதானே கேட்டன். இண்டைக்கு இவன் இதச் சுத்திக்கிட்டுக் கிடப்பானா?" துணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு அதை மடித்துச் சபூறாவின் கையில் வைத்தாள். "எடுத்திட்டன் அக்கா. இப்ப நான் தாறன். நஸீறாவுக்குத் தைங்க. அவக்கும் இவன்ட நெஞ்சுதானே."

சபூறா தலைச்சீலையால் கண்ணைத் துடைத்தாள்.

அன்றைக்கே வெட்டினாள். கஞ்சி இல்லாமல்தான். ஓரம் சுருளுகிற இடமெல்லாம் அம்மிக்குழவியையும் செம்பையும் பாரமாக வைத்தாள். நஸீறாவின் பழைய சட்டையைப் போட்டு, சுற்றிவர நான்கு விரல் கூட்டி வெட்டினாள். துணி இழுபடும் பக்கம் நெஞ்சுக்குக் குறுக்காக வரவேண்டும் என்பதை, ஒரு துண்டைக் கெடுத்த பிறகுதான் கண்டுபிடித்தாள். மெஷின் ஊசி பின்னலைக் குத்திக் கண் கண்ணாகக் கிழித்தது. ஊசி முனையைக் கல்லில் தேய்த்துக் கொஞ்சம் மழுக்கினாள், கிழிவது நின்றது. ஆனால் இழுத்தால் நூல் அறுந்தது. கடைசியில் மெஷினை மூடிவிட்டு, பக்கத் தையலையும் சட்டைக் கைகளின் தையலையும் கையூசியால் திருப்பித் திருப்பித் தளர்வாகப் போட்டாள். தோள் தொங்கிப்போகாமல் உள்ளே சாரன் ஓரத்தில் வெட்டிய நாடாவை வைத்தாள். முன்பக்கம் பொத்தான் ஓட்டைக்கும் அதே சாரன் துண்டுதான். ஒவ்வொரு பொத்தானுக்கும் பிஸ்மில்லாஹ் சொன்னாள். இடையிடையே துணியை மூக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள்.

"இன்னும் நாறுதா?" என்று கேட்டேன்.

"துணி நாறல்ல ராத்தா. அந்தச் சிரிப்பு ஞாபகம் வருது."

சிவப்பு வட்டம் இருந்த மூலையை அவள் வெட்டி எறியவில்லை. உள்பக்கம், நெஞ்சுக்கு நேரே வரும்படி வைத்துத் தைத்தாள்.

பயணத்தன்று காலை பஸ் நிறுத்தத்தில் எங்கள் தெருச் சனம் நின்றது. நஸீறா குளிர்ச்சட்டையைப் போட்டிருந்தாள். ஒரு கை மற்றதைவிடக் கொஞ்சம் நீளம். மற்றபடி கடைச் சட்டைதான். மீராமுகைதீன் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வந்து சேர்ந்தார். அத்தனை பேருக்கும் கேட்கும்படி கதைத்தார்.

"பாத்திங்களா, நான் குடுத்த துணி என்ன வடிவாப் பொருந்தியிருக்கு! நம்மட ஏழைப் புள்ளையள நாமதானே பாக்கணும்." நஸீறாவின் தலையில் கை வைக்க நீட்டினார்.

நஸீறா ஒரு அடி பின்னால் போனாள். கை வெறும் காற்றில் நின்றது.

"உங்கட துணி இல்ல காக்கா," என்றாள் சபூறா. யாரோடும் சத்தம் போட்டுப் பேசாதவள். அன்றும் சத்தம் போடவில்லை. "உங்கட எண்டு இருந்திருந்தா என்ட மகள் விறைச்சிருப்பாளே தவிர, போட்டிருக்க மாட்டா. இது நூல் சுத்துற தங்கேஸ்வரி குடுத்தது. சூறாவளியில அவட புள்ளைக்கு வந்தது. மகள், உள்பக்கத்த மாமாக்குக் காட்டு."

நஸீறா பொத்தானைக் கழற்றி மடிப்பைத் திருப்பிக் காட்டினாள். முன்னால் நின்ற நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். சூறாவளியில் கூரை இழந்தவர்கள்தான் எல்லாரும். மீராமுகைதீனுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் மெதுவாக விலகி வேறு இடத்தில் போய் நின்றார்.

மீராமுகைதீன் சிரித்தார். "பொம்புளையள்ட கதை" என்றார். பஸ் வந்தது.

அந்த வருசமே அவருடைய மகளுக்குக் கல்யாணம். சொந்தம் என்பதால் சபூறா போனாள். ஆறு பெண்கள் ஒரு சஹனை, எல்லாரும் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டை, சுற்றி உட்கார்ந்தோம். நெய்ச்சோறு மலைபோல இருந்தது. ஐந்து கைகள் சோற்றுக்குள் போயின. ஒரே சஹனில் உட்கார்ந்துகொண்டு கை வைக்காமல் இருப்பது எங்கள் ஊரில் எத்தனை பெரிய காரியம் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். உம்மு வந்து குனிந்து, "என்ன மச்சி, சாப்பிடல்லயா?" என்று கேட்டாள்.

"வயிறு ஏக்குதில்ல மச்சி," என்றாள் சபூறா.

அது பொய்யில்லை. நான் சாப்பிட்டேன்; மறுப்பதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை, அல்லாஹ் மன்னிக்கட்டும். கை கழுவச் செம்பும் தட்டும் கொண்டுவந்தார்கள். சோறே படாத கையைச் சபூறாவும் எங்களோடு நீட்டினாள். ஊற்றிய தண்ணீரில் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள்.