எட்டுப் பெற்றவளின் ரத்தம்

கல்யாணமான மூன்றாம் மாதமே மாமியார் அவளுக்குக் 'காட்டேரி' என்று பேர் வைத்துவிட்டாள். ரத்த வங்கியை ஒட்டிய ஆய்வறையில் அவளுக்கு வேலை. ரத்தப் பிரிவு பொருந்தியும், ஏற்றிய ரத்தம் சிலர் உடம்பில் ஏன் சேர்வதில்லை என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். எத்தனை தரம் சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவள் கைப்பட்ட தட்டை மாமியார் தொடமாட்டாள்.

ஆய்வறையிலும் ஆதரவில்லை. "நாலு வருஷமா டியூபைக் குலுக்கினதுதான் மிச்சம்," என்று தலைமை டாக்டர் எல்லார் முன்னாலும் குத்திக்காட்டுவார்.

அந்த வருடம்தான் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும். டெக்னீஷியன் ஆறு பைகளோடு பொருத்திப் பார்த்தார். ஆறிலும் சிவப்பணுக்கள் கட்டிகட்டியாகத் திரண்டன.

"மேடம், இந்த ரத்தம் யாரோடயும் ஒத்துப்போகாது போல."

சீட்டிலிருந்த மாமியாரின் பேரைப் பார்த்தாள். "அது எனக்கு எப்பவோ தெரியும்," என்றாள்.

இரண்டு நாள் அந்த மேசையை விட்டு நகரவில்லை. அணுக்களின் மேல் ஒரு குறி. பத்தில் எட்டுப் பேருக்கு உண்டு, மாமியாருக்கு இல்லை. மாமனார் வழியாகப் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளையின் ரத்தம் துளி கலக்க, தாயின் உடம்பு அதைப் பகையாக எண்ணி எதிர்ப்பொருளைச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தக் குறி இல்லாத ரத்தத்தைத் தேடி நாற்பது பைகளைச் சோதித்து ஏழு பைகளைப் பொறுக்கினாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

நன்றி வருமென்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நாத்தனார் விஷயத்தைத் திரித்து வைத்திருந்தாள்.

"என் ரத்தம் விஷம்னு ஊரெல்லாம் சொல்றியாமே?" கட்டிலில் படுத்தபடியே மாமியார் சீறினாள். "எட்டுப் பெத்தவடி நான்! ஒண்ணுக்கும் வக்கில்லாத நீ என் ரத்தத்தைப் பேசறியா?"

பிள்ளையில்லாத குறையைச் சொன்னதும் அவளுக்குத் தலைக்கேறிவிட்டது. "எட்டுல அஞ்சுதானே தங்குச்சு? கடைசி மூணும் மஞ்சளாகிச் செத்துச்சே, ஏன்னு நினைக்கிறீங்க? இந்த ரத்தம்தான் அதுங்க ரத்தத்தை அழிச்சுச்சு."

புருஷன் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தான். "நீயெல்லாம் மனுஷிதானா?" என்று கேட்டான். அவள் சொன்னது பொய்யில்லை, சொல்லியிருக்கவும் கூடாது. அந்த மூன்றுக்கும் மாமியாரின் ராசியைத்தான் உறவெல்லாம் கரித்துக்கொட்டியது என்பது அவளுக்குத் தெரியும்.

நாலு மாதம் கழித்து மாமியார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஆய்வறை வாசலில் வந்து நின்றாள்.

"என் ரத்தத்தை வச்சு வேற எவளுக்கும் அப்படி ஆகாம தடுக்க முடியுமா?"

"முடியும். உங்க ரத்தத்துல தெளிஞ்சு நிக்கிற தண்ணியோட சேர்த்தாலும் எந்த ரத்தம் திரளலையோ, அதை எடுத்து அந்த மாதிரி குழந்தைக்கு ஏத்தலாம்."

"அப்ப எடுத்துக்கோ. ஆனா நீ தொடாதே. அந்தத் தம்பி எடுக்கட்டும்."

டெக்னீஷியன்தான் எடுத்தார். எடுத்து முடியும்வரை மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பின் மூன்று மாதத்துக்கொரு தரம் வந்தாள். மருமகளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது தலைமை டாக்டர் பேர் முதலில் இருந்தது. அவள் பேர் நாலாவது.

அடுத்த வருடம், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒருத்திக்கு மூன்றாவதும் மஞ்சளாகவே பிறந்தது. மாமியாரின் ரத்தத்தை வைத்துத் தேடிப் பிடித்த ரத்தத்தை ஏற்றினார்கள். குழந்தை தேறியது.

அன்று சாயங்காலம் அவள் சமையலறை வாசலில் நின்று மாமியாரிடம் அதைச் சொன்னாள்.

மாமியார் திரும்பவில்லை. "என்ன குழந்தை?"

"பொண்ணு."

"கடைசியா போனதும் பொண்ணுதான்," என்றாள் மாமியார். சோற்றுப் பானையை மூடிவிட்டு, "ஏன் நிக்கிறே? வழியை விடு," என்று தன் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.