பிரிஜெட் சிஸ்டரின் மோதிரம்

"டப்!"

காற்றில் ஒருமுறை சுட்டுக் காட்டினார் பிரிஜெட் சிஸ்டர். கையில் இருந்தது துப்பாக்கி இல்லை. மார்புக் கட்டியிலிருந்து சோதனைக்குத் துளி சதை எடுக்கிற ஊசிக் கருவி. காட்டுவதற்கென்றே பழையது ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறார். "கேட்டுதா? சத்தம்தான் பெருசு. மரத்துப்போக மருந்து போட்டப்புறம் ஒண்ணும் தெரியாது." முன்கூட்டிக் கேட்காதவர்கள் அந்தச் சத்தத்தில் துள்ளிவிடுவார்களாம், டாக்டர் ஸ்கேன் திரையில் பார்த்துப் பிடித்த குறி தப்பிவிடுமாம்.

பெங்களூர் பிரேசர் டவுன்காரர், ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் நர்ஸ். ஐம்பதைத் தாண்டியவர். வாய் கொஞ்சம் நீளம். ஸ்கேனுக்குப் பூசும் ஜெல்லை வெந்நீர்க் கிண்ணத்தில் போட்டே வைத்திருப்பார். "பெங்களூர் குளிருல இத அப்படியே பூசினா, வியாதியே இல்லாதவளுக்கும் ஜன்னி வந்துடும்." கன்னடக்காரர் வந்தால் கன்னடம், உருது பேசுகிறவர் வந்தால் அரைகுறை உருது. அதட்டல் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஊசிக்கு முன்னால், "மோதிரத்தக் கழட்டட்டுமா?" என்று கேட்பார். சரி என்று தலையாட்டினால், தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுக் கையை நீட்டுவார். "புடிச்சுக்க. எவ்ளோ வேணா நசுக்கு. மோதிரத்தோட நசுக்கினா எனக்குத்தான் வலிக்கும், கண்ணு." சம்மதம் வராமல் கழற்ற மாட்டார். அதுவரை டாக்டரும் ஊசியை எடுக்க மாட்டார்.

அன்று எங்கள் தெருவில் பூ விற்கும் பாஞ்சாலியை நான்தான் அழைத்துப் போயிருந்தேன். ஜீவனஹள்ளிக்காரி. பட்டாணி அளவில் ஒரு கட்டி. புற்றாகவே இருந்தாலும் இந்த அளவில் தெரிந்துகொண்டால் மார்பை எடுக்க வேண்டியிருக்காது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"மோதிரத்தக் கழட்டட்டுமா?"

"வேணாம் சிஸ்டர். ஊசி பட்டா பரவிடும்ன்றாங்க. நான் வூட்டுக்குப் போறேன்." பாஞ்சாலி எழுந்து உட்கார்ந்து புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எனக்குக் கோபமான கோபம். எத்தனை நாள் கெஞ்சிக் கூட்டி வந்திருக்கிறேன்!

பிரிஜெட் ஒரு அதட்டல் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. பாஞ்சாலியின் கையை எடுத்துத் தன் வெள்ளைச் சட்டையின் இடது பக்கத்தில் வைத்து அழுத்தினார்.

"இன்னா இருக்குது?"

பாஞ்சாலி விழித்தாள். "துணியா... பஞ்சா, சிஸ்டர்?"

"பஞ்சுதான். நர்ஸா இருந்துக்கினே, இதே பேச்ச நம்பி ஒரு வருஷம் ஊசி வேணாம்னு ஓடினேன். யாரும் குத்தல. தானாவேதான் பெருசாச்சு. மொத்தமா எடுத்துட்டாங்க." கிண்ணத்து வெந்நீர் ஆறிவிட்டதென்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். "போறதுன்னா போம்மா. கதவு பூட்டல."

பாஞ்சாலி கதவைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சாய்ந்து படுத்தாள். படுத்தபடியே பிரிஜெட்டின் விரலைப் பிடித்து, அந்த மோதிரத்தைத் தானே திருகிக் கழற்றினாள்.