ஊறுகாய் பாட்டிலில் பிழைத்தவை

சூரமங்கலத்தில் எங்கள் தெருவின் இரு முனைகளையும் தகரம் அடித்து அடைத்திருந்த கொரோனா மாதங்களில், தெருவே மாடியில்தான் வாழ்ந்தது. பழைய பெயின்ட் வாளி, சிமென்ட் சாக்கு, உடைந்த குடம் என்று மண் நிற்கும் எதிலும் கத்தரி வைத்தோம். எங்கள் மாடிக்கும் எதிர்வீட்டு மாடிக்கும் நடுவே கயிறு கட்டி ஒரு கூடையை ஓடவிட்டிருந்தோம்; மற்ற மாடிகளுக்கு நடுவிலும் அப்படியே. எதிர்வீட்டுக்காரர் லாரி ஓட்டுநர். வடக்கே எங்கோ லோடோடு மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவியும் இரண்டு குழந்தைகளும் பல நாள் அந்தக் கத்தரிக்காயை நம்பித்தான் அடுப்பு மூட்டினார்கள்.

அந்தக் கத்தரியில் மாவுப்பூச்சி விழுந்தது. இலைக்கு அடியில் ஜவ்வரிசி மாவைக் கொட்டியதுபோல் வெள்ளை. பூச்சிமருந்துக் கடை பக்கம் போக வழியில்லை. நான் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியன். கைக்குத் தடவும் சானிடைசரைப் பஞ்சில் நனைத்து ஒரு பூச்சியைத் தொட்டுப் பார்த்தேன், செத்தது. உடனே கைப்பிடிச் சுவரோரம் நின்று எல்லா மாடிக்கும் கேட்கும்படி பாடம் நடத்தினேன்.

“மேலெல்லாம் பஞ்சு தொங்க, பெருசா, வேகமா நகருது பாருங்க, அதுதான் தாய்ப்பூச்சி. அதை மொதல்ல கொல்லுங்க!”

எதிர்வீட்டு அம்மாள் அன்றே கொல்லத் தொடங்கினார். மற்ற மாடிகளும்தான். பேத்திக்கு வீடியோ காலில் காட்டிப் பெருமையடிக்க, ‘தாய்ப்பூச்சி’ சிலவற்றையும் சிறியவை நிறையவற்றையும் உயிரோடு பிடித்து ஊறுகாய் பாட்டிலில் போட்டு, அதன் வாயில் துணி கட்டி வைத்தேன்.

மறுநாள் காலை பாட்டிலில் சிறியவை பாதிக்குமேல் காணோம். பெரியவை கொழுத்துத் திரிந்தன. ஒன்று, என் கண்ணெதிரே, ஒரு மாவுப்பூச்சியைத் தின்றது.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவை பொறிவண்டின் புழுக்கள். மாவுப்பூச்சியின் வேடத்தில் இருந்துகொண்டு மாவுப்பூச்சியையே தின்பவை. வகுப்பில் படம் வரைந்து விளக்கியிருக்கிறேன். அந்தப் புழுக்களைத்தான் தெரு முழுக்கக் கொல்லச் சொல்லியிருந்தேன்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எதிர்மாடியில் அந்த அம்மாள் குனிந்து குனிந்து பஞ்சை ஒற்றுவதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தேன். மூன்றாம் நாள் அவர் செடிகள் முழுக்க வெளுத்துவிட்டன. ஒரு செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்ததில் கை வைத்தபோதுதான் கத்தினேன்.

“பிடுங்காதீங்கம்மா! நான் சொன்னது தப்பு. அந்தப் பெருசு நமக்கு நல்லது பண்றது. முந்தாநாளே தெரியும். வெக்கத்துல சொல்லல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஏனுங்க சார், நல்லவன் பூராத்தையும் நானே கொன்னுபோட்டனுங்களா?”

“ஆமாம்மா.”

“எங்கூட்டுக்காரரு எதுக்க வர்ற லைட்டப் பாத்தே எந்த ஊரு லாரின்னு சொல்லிப்போடுவாருங்க. நீங்க இத்தன வருசம் பூச்சிப் பாடமா நடத்துனீங்க?”

அடுத்த மாடிகளிலும் சிரிப்பு கிளம்பியது. எனக்கும் சிரிப்பு வந்தது; கண்ணும் கலங்கியது.

பாட்டிலைக் கூடையில் வைத்துக் கயிற்றை இழுத்தேன். என் மனைவி தடுத்தாள். “நம்ம செடிக்கு ரெண்டாச்சும் வெச்சுக்கலாமுங்க.”

“அவங்களுக்குக் கத்தரிதான் சோறு,” என்றேன். அவளும் கயிற்றில் கை கொடுத்தாள்.

எங்கள் கத்தரி முழுக்கப் போயிற்று. எதிர்மாடியில் புழுக்கள் செடிக்குச் செடி ஏறின. பிறகு கருத்த உடம்பும் செம்மஞ்சள் தலையுமாகக் குட்டி வண்டுகள் வந்தன. செடிகள் மெல்லத் துளிர்த்தன. அந்த அம்மாள் வண்டு உட்கார்ந்த இலைகளைக் கிள்ளி, கூடையில் மாடி மாடியாக அனுப்பினார். “கொன்னுபோடாதீங்க, இது சாரோட வண்டு!” என்று ஒவ்வொரு மாடிக்கும் கத்திச் சொன்னார். பட்டங்கள் வாங்கியவன் நான். அந்தக் கத்தலைக் கேட்டபோது வந்த பெருமை வேறெதிலும் வந்ததில்லை.

அந்த இரண்டு நாளும், பிடுங்கிய அந்த ஒரு செடியும் இன்னும் உறுத்துகின்றன. தகரம் எடுத்த பிறகு அவர் கணவர் ஊர் வந்து சேர்ந்தார். அன்று கூடையில் எங்களுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வந்தது, மூடி போட்ட தூக்குவாளியில், சூடாக.