குதிரைக்கால் புகைபோக்கி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். என் மாமியாரிடம் மட்டும் அந்தக் கோபம் செல்லுபடியாகாது. ஐப்பசி மழையில் ஒரு காலை அவர் மாட்டு வண்டியோடு வந்து, என் மனைவியையும் அவளுடைய தகரப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, பொன்னமராவதிக்கு மேற்கே இருந்த தம் ஊருக்குக் கிளம்பினார். வாசலில் நின்று நான் சொல்ல முடிந்ததெல்லாம், "மழை விட்டதும் போகலாமே அத்தை" என்பதுதான்.

"மழை விடும் மாப்ளை. ஒங்க வீட்டுப் பொகைதான் விடாது," என்றார். "அடுப்ப மாத்துங்க. நானே வந்து எரிச்சுப் பாக்குறேன். மனசுக்குத் திருப்தியா இருந்தா இந்தப் பெட்டிய இங்கனயே எறக்குறேன். இல்லையின்னா எம் மக எங்கிட்டயே இருக்கட்டும்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. என் மனைவிக்கு மூச்சிழுப்பு உண்டு. எங்கள் அடுப்படியோ கொல்லைப்புறம் ஒட்டிய, தலை இடிக்கும் ஓட்டுச் சார்ப்பு. காற்று வர உள்ளங்கை அகலத்தில் ஒரு சன்னல். வெயில் காலத்தில் ஒருவாறு ஓட்டிவிடுவாள். மழை பிடித்து விறகு நனைந்துவிட்டால், இரண்டு வார்த்தை பேசிவிட்டு மூச்சுக்கு நிற்பாள், பிறகு இரண்டு வார்த்தை பேசுவாள். அந்த முறை அடுப்பு முன்னாலேயே சாய்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கி வெளியே கிடத்தினார்கள். அவள் தாய்க்கு ஆள் அனுப்பியதும் அவர்கள்தான்.

வீட்டில் வேறு பெண்கள் இல்லை. என் ஆத்தா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நானே உலை வைத்தேன். சோறு குழைந்ததா வெந்ததா என்று பார்ப்பதற்குள் கண் இரண்டும் கோவைப்பழமாகிவிடும். ஊதுகுழலை விட்டெறிந்துவிட்டு வெளியே ஓடி வருவேன். இதற்குள் உட்கார்ந்துகொண்டா அவள் மூன்று வேளையும் எனக்கு ருசியாகச் சமைத்துப் போட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

எனக்கு இரண்டு சிநேகிதர்கள். ஒருவன் எனக்கு மாமன் மகன் முறை. ரங்கூனில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவன். சப்பான்காரன் குண்டு போட்டதும் காடு மலையெல்லாம் நடந்து ஊர் வந்து சேர்ந்தவன். நடையில் தேய்ந்தது அவன் உடம்புதான், வாய் தேயவில்லை. எதைப் பேசினாலும் "ரங்கூன்ல" என்றுதான் தொடங்குவான். இன்னொருவன் என்னோடு திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். சட்டி பானை செய்யும் குடும்பம். சுற்று வட்டாரத்து அய்யனார் கோயில்களில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற மண்குதிரைகளில் பாதி அவன் கை செய்தவை. இவன் வாயைத் திறப்பதே அபூர்வம்.

ரங்கூன்காரன்தான் வழி சொன்னான். "ரங்கூன்ல ரொட்டி அடுப்புக்குப் பின்னால செவுத்தோட ஒரு கொழா போகும் மச்சான். கூரையப் பொத்துக்கிட்டு மேல நிக்கும். உள்ள எம்புட்டு வெறகு எரிச்சாலும் பொகை அதுவழியாப் போயிரும். நாங்க வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு நிப்போம்."

"கொழாய்க்கு எங்க போறது? சண்டை நடக்கையில தகரம் எங்க கெடைக்குது?" என்றேன்.

பானைக்காரன் மண்ணில் குச்சியால் எதையோ கீறிக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே சொன்னான்: "குதிரைக்குக் காலு செய்யுறேனே, அதுவும் கொழாதான். நீட்டமா மூணு துண்டு போட்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகினா எட்டாதா?"

ரங்கூன்காரன் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினான். அன்றே வேலை தொடங்கியது.

ஒரு சங்கடம் இருந்தது. மார்கழியில் எங்கள் பக்கம் புது அடுப்புப் போட மாட்டார்கள். பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பவும் மாட்டார்கள். கார்த்திகைக்குள் அடுப்பு எரிந்து, மாமியாரும் வந்து பார்த்து, பெட்டியும் இறங்கியாக வேண்டும். தவறினால் தை பிறக்கும்வரை நான் குழைந்த சோறுதான். பொங்கலன்று வாசலில் பொங்கல் வைக்க அவள் இருப்பாளா என்பதும் சந்தேகம். கார்த்திகையோ மழைமாதம். பச்சைக் களிமண் காய வேண்டும், சூளை வேக வேண்டும். மேகம் கறுத்தால் காய்கிற மண்மேல் ஓலை போட ஓடுவேன்.

நானும் ரங்கூன்காரனும் அடுப்பைப் பார்த்துக்கொண்டோம். பழைய அடுப்பை இடித்த மண்ணைக் கால்படாத இடமாகப் பார்த்துத் தென்னை அடியில் கொட்டிவிட்டு, அதில் ஒரு பிடியைப் புது மண்ணில் கலந்தோம். அது எங்கள் வழக்கம். கண்மாய் மண்ணும் உமியும் சாணமும் போட்டு மிதித்து, சுவரோரம் இரண்டு வாய் உள்ள அடுப்பாக அணைத்துக் கட்டினோம். குமிழ் வைக்கும்போதுதான் தகராறு வந்தது. பானை உட்கார அடுப்பு வாயைச் சுற்றி மூன்று குமிழ் இருக்கும் அல்லவா, அது கூடவே கூடாது என்றான் ரங்கூன்காரன். குமிழ் இருந்தால் பானைக்கும் அடுப்புக்கும் இடையே சந்து விழும், புகை அந்தச் சந்து வழியாக வீட்டுக்குள்தான் வரும் என்பது அவன் வாதம். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் வாயில் கைவைத்தார்கள். "கொமுழு இல்லாத அடுப்புக்கு எங்கிட்டு மஞ்சக் குங்குமம் வைக்கிறது?" என்று ஒரு சின்னம்மா கேட்டார். ரங்கூன்காரன், "எனக்கு வைங்க சின்னாத்தா" என்று நெற்றியைக் காட்டினான். சிரிப்பில் தகராறு அடங்கியது. குமிழ் வைக்கவில்லை.

சூளை பிரித்த அன்று நல்லவேளையாக வெயில் அடித்தது. குழாய்த் துண்டு ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். வண்டியில் உடையாமல் இருக்க உள்ளேயும் வெளியேயும் வைக்கோல் திணித்துக் கொண்டுவந்தான் பானைக்காரன். ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து வைக்கோலைப் பிடுங்கிப் போட்டோம். பிறகு ஓட்டைப் பிரித்து, கயிறு கட்டித் தூக்கி, ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி, சந்துகளைக் களிமண்ணால் பூசினோம். கூரைக்கு மேலே சிவப்பாக அது நிமிர்ந்து நின்றதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போனவர்கள் எல்லாம், "வீட்டுக்கு வாலு மொளைச்சிருக்கு" என்றார்கள். சொல்லட்டும் என்று இருந்தேன்.

நல்ல நேரம் பார்த்து, ஊரே கூடி நிற்க, சூடம் காட்டி அடுப்பைப் பற்றவைத்தேன். முதலில் ஒரு கணம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் புகை அடுப்பு வாய் வழியாகவே திரும்பி வந்தது. சாதாரணமாக அல்ல. பழைய அடுப்பில்கூட அவ்வளவு புகையை நான் கண்டதில்லை. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், குழாய் வாயில் ஒரு இழைகூடப் புகை இல்லை. யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். அதோடு தெருவே சிரித்தது.

என் கோபம் உங்களுக்குத் தெரியுமே. "ரங்கூன், ரங்கூன்னு இவன் அளந்ததக் கேட்டேன் பாரு, என்னையச் சொல்லணும்" என்று ரங்கூன்காரனைப் பிடித்துக்கொண்டேன். அவன் அசரவில்லை. "கோவத்தையும் அந்த அடுப்புலயே போடு மச்சான். அதாச்சும் நல்லா எரியும்" என்றான். காற்று எதிர்த்து அடிக்கிறது என்றான், வாய் அகலம் பற்றாது என்றான், விறகு ஈரம் என்றான். பானைக்காரன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டான். கார்த்திகையில் மிஞ்சியிருந்த நாட்களை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் கூரைமேல் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினேன். பானைக்காரன் ஏணி வைத்து மேலே ஏறியிருந்தான். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக் குழாய்க்குள் இறக்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச தூரம் இறங்கியதும் கல் எதன்மேலோ உட்கார்ந்துவிட்டது. தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்தான். டொக் டொக் என்று மண் சத்தம்.

"என்னப்பா, குருவிக் கூடா?" என்றேன்.

அவன் கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "முட்டி வச்சுட்டேன்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவனே விளக்கினான். குதிரைக் கால் உள்ளே வெறும் கூடு. மேலே உடம்பின் பாரம் ஏறினால் நொறுங்கிவிடும் என்று, முட்டி வரும் இடத்தில் உட்புறம் ஒரு மண்தட்டு வைத்து இறுக்கிவிடுவது அவன் வழக்கம். நடுத்துண்டை வனையும்போது ரங்கூன்காரன் பக்கத்தில் உட்கார்ந்து பர்மாக் காட்டில் யானையைக் கண்டு மரம் ஏறிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தானாம். காது கதையில் இருந்திருக்கிறது. கை அதன் பழக்கத்துக்குத் தட்டை வைத்து மூடிவிட்டது. வைக்கோலை நாங்கள் ஆளுக்கொரு முனையிலிருந்து பிடுங்கியதால் நடுவில் அடைத்திருந்தது யாருக்கும் தெரியவில்லை.

ரங்கூன்காரன் இதற்குள் வந்துவிட்டான். விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மேலே இருந்தவன் மட்டும் சிரிக்கவில்லை. புதுக் குழாய் வேக நாள் இல்லை என்பது அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். "ஒலக்கைய எடுத்தாங்க" என்றான்.

என் மனைவி நெல் குத்தும் உலக்கை. இரும்புப் பூண் கட்டிய முனை கீழே இருக்கும்படி அதைக் கயிற்றில் கட்டி, குழாய்க்குள் இறக்கினான். ஓங்கிப் போட்டால் குழாயே விரிந்துவிடும். மெல்லப் போட்டால் தட்டு அசையாது. நானும் ரங்கூன்காரனும் அடுப்படிக்குள் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம். ஒவ்வொரு இடிக்கும் அது எங்கள் மார்பில் அதிர்ந்தது. எனக்குத் தெரிந்த தெய்வத்தை எல்லாம் கூப்பிட்டேன். கடைசியில் உள்ளே ஏதோ நெறுநெறுவென்று விட்டது. ஓட்டுச் சில்லும் கரியும் பாதி எரிந்த வைக்கோலுமாக அடுப்புக்குள் வந்து விழுந்தன. குனிந்து அண்ணாந்து பார்த்தேன். குழாயின் மறுமுனையில் வட்டமாக வானம் தெரிந்தது. அதன் நடுவே பானைக்காரனின் முகம்.

அவனை இறங்கச் சொல்லிவிட்டுத்தான் தீ வைத்தேன். தீ குனிந்து குழாய்ப் பக்கமாகப் போனது. புகையும் அதன் பின்னாலேயே போனது. நான் தெருவுக்கு ஓடினேன். குழாய் வாயிலிருந்து புகை கொத்துக்கொத்தாகக் கிளம்பி, முந்தைய நாள் சிரித்தவர்கள் வீட்டுக் கூரைமேல் போய்க்கொண்டிருந்தது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் பார்த்தேன். எனக்கு அன்றிருந்த கர்வத்துக்கு அளவே இல்லை.

மாமியாரை அழைத்துவர ரங்கூன்காரன் புறப்பட்டான். "பர்மாவுல இருந்து நடந்தவனுக்கு பொன்னமராவதி ஒரு தூரமா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். கார்த்திகை கடைசி நாள் வண்டி வந்து நின்றது. பெட்டி வண்டியிலேயே கயிறு போட்டுக் கட்டியிருந்தது. என் கண் முதலில் அதில்தான் போனது. மனைவி இறங்கி என்னைப் பார்த்தாள், கூரைமேல் இருந்த சிவப்புக் குழாயைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமியார் வண்டி வைக்கோலுக்கு அடியிலிருந்து ஒரு கட்டு விறகை உருவினார். முந்திரி விறகு. அத்தனையும் பச்சை. "காஞ்ச வெறகுன்னா யாரு வேணாலும் எரிப்பா" என்றார். அடுப்படிக்குள் தாம் மட்டும் போனார். சன்னலை அடைத்தார், கதவையும் சாத்தினார்.

நாங்கள் மூவரும் முற்றத்தில் நின்றோம். குழாயில் புகை வந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பானைக்காரன் மெதுவாக, "உள்ள நல்லா இருக்காங்களா?" என்று கேட்டான். என் மனைவி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

கதவு திறந்தது. மாமியார் கையில் கருப்பட்டிக் காப்பிச் செம்பு இருந்தது. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மகளிடம் மட்டும் பேசினார். "நீ போயி செத்த நேரம் ஒக்காரு ஆத்தா."

அவள் உள்ளே போனாள். மாமியார் மறுபடியும் கதவைச் சாத்தினார். நான் கதவில் காதை வைத்துக்கொண்டேன். முதலில் பாத்திரம் உருளும் ஓசை. பிறகு அவள் குரல்.

"ஏங்க, இந்த வெங்கலப் பானைய நான் போன நாள்ல இருந்து ஒருதரமாவது புளி போட்டுத் தேச்சீங்களா இல்ல எங்க ஆத்தா வந்து பாக்கட்டும்னு அப்படியே கரி புடிக்க வச்சிருந்தீங்களா, ஒலக்கைப் பூணு வேற கழண்டு கெடக்கு, ஒலக்கைய வச்சு அப்பிடி என்னத்தத்தான் இடிச்சீங்க?"

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள். நடுவில் நிற்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த அடுப்படியில் அவள் இத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. வாங்கிக் கட்டிக்கொண்டு ஒரு மனிதன் இத்தனை சந்தோஷப்பட முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. புகையின்மேல் பழி போடவும் வழியில்லை.

மாமியாரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். காப்பிச் செம்பை ரங்கூன்காரன் கையில் கொடுத்துவிட்டு, பானைக்காரன் பக்கம் திரும்பினார். "எங்க வீட்டு அடுப்படிக்கும் இப்பிடி ஒரு காலு செஞ்சு குடுங்க தம்பி" என்றார். வழியில் ரங்கூன்காரன் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டிருப்பான் போல. "முட்டி வேண்டாம்" என்றும் சேர்த்துக்கொண்டார். பானைக்காரன் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

பிறகு என்னைப் பார்த்தார். "என்ன மாப்ளை நின்னுக்கிட்டே இருக்கீங்க. பொழுது சாயுறதுக்குள்ள பெட்டிய எறக்குங்க."

கயிற்றை அவிழ்க்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. அரிவாளால் அறுத்தேன்.